அண்ணன் தம்பி இருவர் – நட்சத்திர ஆட்டக்காரர் மேனேஜர் ஆகலாமா?

மலர்க் குழுவிலிருந்து கட்டுரை கேட்டபோதே, "சார், ஹாஸ்டல் நினைவுகள் மட்டும் வேண்டாம், அது ஏற்கெனவே இருபது வந்துடுச்சு. வரலாறு ஏதாவது எழுதுங்க" என்று சொல்லிவிட்டார்கள். நல்லதாகப் போயிற்று. நம் சங்கக் கூட்டத்தில் சமீபத்தில் ஒரு யோசனை அடிபட்டது. கல்லூரிக் கால்பந்து அணிக்கு முறையான பயிற்சியாளர் இல்லை. நம் காலத்து நட்சத்திர ஆட்டக்காரர் ஒருவரை அழைத்துப் பொறுப்பை ஒப்படைத்துவிடலாமே என்றார்கள். அரங்கத்தில் பாதிப் பேர் கை தூக்கியாகிவிட்டது. பெயரைக் கேட்டதுமே கைதட்டல் வேறு. நான் கை தூக்கவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை. இப்போது அந்த அணியில் ஆடுகிற தம்பிகளுக்குக் கல்லூரி வாழ்க்கையே மூன்று வருஷம்தான். அந்த மூன்று வருஷத்தை யார் கையில் கொடுக்கிறோம் என்பது கைதட்டலில் முடிவாகிற விஷயமா? ஐரோப்பாவின் கிளப்புகள் இதே கேள்வியோடு பல்லாண்டுகளாக மல்லுக்கட்டி வருகின்றன. பணத்தையும் இழந்திருக்கிறார்கள், கோப்பையும் வாங்கியிருக்கிறார்கள். அவர்கள் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

முதலில் ஒரு விளக்கம், கால்பந்து பழக்கமில்லாதவர்களுக்காக. அங்கே மேனேஜர் என்றால் நம் ஊர் ஆபீஸ் மேனேஜர் போல ஃபைலில் கையெழுத்துப் போடுகிறவர் இல்லை. யார் ஆடுவது, எப்படி ஆடுவது, எந்த ஆட்டக்காரரை வாங்குவது, எவரை விற்பது, தோற்றுவிட்டு வந்தால் யாரை அணைப்பது, யாரைத் திட்டுவது, எல்லாம் அவர் பொறுப்பு. தோற்றால் முதலில் வேலை போவதும் அவருக்குத்தான்.

இந்த விவகாரத்தில் எனக்குத் தெரிந்த மிகச் சுத்தமான சோதனை 1973-ல் இங்கிலாந்தில் நடந்தது. யாரும் திட்டமிட்டு நடத்தியதல்ல, தானாக அமைந்தது. ஆஷிங்டன் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்த அண்ணன் தம்பி இருவர். அண்ணன் ஜாக் சார்ல்டன், தம்பி பாபி சார்ல்டன். 1966-ல் இங்கிலாந்து உலகக்கோப்பை வென்றபோது இருவரும் இறுதி ஆட்டத்தில் ஆடினார்கள்.

ஆனால் இருவரும் ஒரே தராசில் நிற்கக்கூடியவர்கள் இல்லை. பாபி நாட்டுக்காக 106 ஆட்டங்கள், 49 கோல்கள். 1966-ல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் விருது. 1968-ல் மான்செஸ்டர் யுனைடெட் ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது கேப்டன். இரண்டு காலாலும் இடி மாதிரி அடிப்பார். ஜாக் லீட்ஸ் அணியின் தடுப்பாட்டக்காரர். நெட்டையான ஆள், நளினம் என்பது மருந்துக்கும் கிடையாது. இங்கிலாந்து அணியில் முதல் வாய்ப்பு கிடைத்தபோது வயது முப்பதைத் தொட இருந்தது. மொத்தம் 35 ஆட்டங்கள். "இந்த இருவரில் யார் மேனேஜராக வேண்டும்?" என்று அன்றைக்கு ஓட்டெடுப்பு நடத்தியிருந்தால், நம் சங்கக் கூட்டம் மாதிரியேதான் கை தூக்கியிருப்பார்கள்.

1973-ல் இருவரும் தத்தம் கிளப்புகளில் ஓய்வு பெற்றார்கள், இருவருமே மேனேஜர் ஆனார்கள். பாபி பிரஸ்டன் நார்த் எண்ட் கிளப்புக்கு, ஜாக் மிடில்ஸ்பரோவுக்கு. இரண்டும் இரண்டாம் டிவிஷன் கிளப்புகள். பிரஸ்டன் சாதாரண இடமில்லை. 1888-89-ல் நடந்த முதல் லீக் போட்டியில் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் பட்டம் வாங்கிய பழம்பெரும் கிளப் அது. அப்பேர்ப்பட்ட வீட்டுக்கு அப்பேர்ப்பட்ட பெயர். பொருத்தம் பார்த்தால் பத்துக்குப் பத்து.

ஒரே டிவிஷன், ஒரே பருவம். 1974 வசந்தத்தில் கணக்கை முடித்தபோது ஜாக்கின் மிடில்ஸ்பரோ முதலிடம். வெற்றிக்கு இரண்டே புள்ளி தரும் அந்தக் காலத்தில், இரண்டாம் இடத்து லூட்டனைவிட 15 புள்ளி கூடுதலாக எடுத்து முதல் டிவிஷனுக்கு ஏறினார்கள். 22 அணிகளில் பாபியின் பிரஸ்டன் 21-வது. மூன்றாம் டிவிஷனுக்கு இறக்கம்.

அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஜாக் லீட்ஸில் ஆடிக்கொண்டிருக்கும்போதே லில்லிஷாலில் நடந்த பயிற்சியாளர் வகுப்புகளுக்குப் போய் உட்கார்ந்தவர். மிடில்ஸ்பரோ வேலைக்கு நேர்முகத் தேர்வுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, தனக்கு என்னென்ன பொறுப்புகள் வேண்டும் என்று ஒரு பட்டியலைக் கொடுத்தார். அணி விஷயத்தில் டைரக்டர்கள் தலையிடக் கூடாது. வருஷம் 10,000 பவுன் சம்பளம். எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டாம், வாய்ச்சொல் போதும். மீன் பிடிக்கவும் வேட்டைக்குப் போகவும் வாரத்தில் மூன்று நாள் விடுமுறை! (இந்தக் கடைசி நிபந்தனையை நம் பேராசிரியர்கள் யாரும் நிர்வாகத்திடம் கேட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.) அப்புறம் நேரே செல்டிக் கிளப்பின் மேனேஜர் ஜோக் ஸ்டீனிடம் போய் யோசனை கேட்டார். அங்கிருந்து பாபி மர்டாக் என்ற அனுபவஸ்தரைக் காசு கொடுக்காமல் அழைத்து வந்தார். அணியில் இருந்த கிரேம் சூனஸ் என்ற இளைஞரை நடுக்களத்துக்குக் கொண்டுவந்து ஆட வைத்தார். பின்னாளில் லிவர்பூல் கேப்டனாக ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கிய அதே சூனஸ்தான்.

தம்பி கதை வேறு. இறக்கத்துக்குப் பிறகு, அணியைத் தூக்கி நிறுத்த வேறு வழி தெரியாமல், 1974-75-ல் பாபி தானே மறுபடி பூட்ஸ் மாட்டிக் களத்தில் இறங்கினார். 38 லீக் ஆட்டங்கள், 8 கோல்கள். வயது 37. ஆடிக் காட்டத் தெரிந்தவர் ஆடிக் காட்டினார், பாவம். 1975-ல் ஜான் பேர்ட் என்ற தடுப்பாட்டக்காரரை அவர் விருப்பத்துக்கு மாறாக நியூகாஸிலுக்கு விற்க நிர்வாகம் முடிவு செய்தபோது ராஜினாமா செய்துவிட்டார். அண்ணன் வேலைக்குச் சேரும் முன்பே எந்தக் கதவைச் சாத்தி வைத்தாரோ, அதே கதவு வழியாகத்தான் தம்பிக்கு வினை வந்தது.

பெரிய ஆட்டக்காரர் சொல்லிக் கொடுப்பதில் ஏன் திணறுகிறார்? நம் வீட்டுப் பாட்டிகளை நினைத்துப் பாருங்கள். ரசத்துக்குப் புளி எவ்வளவு என்று கேட்டால் "கை அளவுதான்டா" என்பார்கள். அந்தக் கைக்குத் தெரியும், வாய்க்குத் தெரியாது. புதிதாகச் சமைக்க வந்த மருமகள் கணக்கு எழுதிப் பழகியவள் என்றால், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அவள்தான் சரியாகச் சொல்லிக் கொடுப்பாள். ஜாக் அந்த மருமகள் ரகம். குறைந்த திறமையை வைத்துக்கொண்டு முதல் தரத்தில் நிற்க வேண்டியிருந்ததால், ஆட்டத்தைப் பிரித்துப் பிரித்து யோசித்தே பழகியவர். 1986-லிருந்து அயர்லாந்து தேசிய அணியை நடத்தி, 1990 உலகக்கோப்பையில் காலிறுதி வரை கொண்டுபோனதும் அதே மூளைதான்.

"அப்படியானால் நட்சத்திரங்களே வேண்டாம் என்கிறீரா?" என்று கேட்பீர்கள். அவசரப்படாதீர்கள். கென்னி டால்கிளிஷ் இருக்கிறார்.

1985 மே மாதம், ஹெய்சல் மைதானத்தில் 39 பேர் இறந்த துயரத்துக்கு மறுநாள், லிவர்பூல் தன் நட்சத்திர ஆட்டக்காரரான டால்கிளிஷை மேனேஜராக அறிவித்தது. வயது 34. முன்அனுபவம் பூஜ்யம். அதுவும் ஆடிக்கொண்டே நிர்வகிக்கும் இரட்டை வேலை. அடுத்த பருவத்திலேயே லீக் பட்டமும் எஃப்.ஏ. கோப்பையும் சேர்ந்து வந்தன. செல்சி மைதானத்தில் பட்டத்தை உறுதி செய்த ஒரே கோலை அடித்தவரும் மேனேஜரே! சினிமாவில் வைத்தால் "நம்புற மாதிரி இல்லையே" என்போம்.

ஆனால் அவர் நுழைந்த வீட்டைப் பாருங்கள். மூன்று ஐரோப்பியக் கோப்பை வென்ற முன்னாள் மேனேஜர் பாப் பெய்ஸ்லி ஆலோசகராக உடன் இருந்தார். ரோனி மோரனும் ராய் எவன்ஸும் பயிற்சி மைதானத்தில் இருந்தார்கள். பூட்ஸ் அடுக்கும் சின்ன அறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே ஆட்டத்தை அலசுவது அந்தக் கிளப்பின் பல வருஷத்துப் பழக்கம். டால்கிளிஷுக்கு இல்லாத அனுபவம் அந்த அறைக்கு இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, அவரும் கெட்டிக்காரர்தான். 1995-ல் பிளாக்பர்ன் கிளப்புக்கும் லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தார். ஆனால் 1985-ல் அவரைப் பிரஸ்டனில் தனியாக விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

அண்மைக் காலக் கதைகளை மளமளவென்று சொல்லிவிடுகிறேன். 2009 ஏப்ரலில் நியூகாஸில் தன் தலைமகன் ஆலன் ஷியரரைக் கூப்பிட்டது. அந்தக் கிளப்புக்கு 206 கோல் அடித்தவர். மிச்சமிருந்த 8 ஆட்டங்களில் ஒரே வெற்றி, இறக்கம். அதே நாளில் கூடவே இறங்கிய மற்றொரு அணி மிடில்ஸ்பரோ. அதன் மேனேஜர் கேரத் சவுத்கேட், 2006-ல் கேப்டன் நாற்காலியிலிருந்து நேராக மேனேஜர் நாற்காலிக்கு மாற்றப்பட்டவர், வேண்டிய சான்றிதழ் இல்லாமல் சலுகையின் பேரில். அவரே பிறகு 21 வயதுக்குட்பட்டோர் அணியில் மூன்று வருஷம் தொழில் பழகினார். அதன்பின் இங்கிலாந்தை 2018 உலகக்கோப்பை அரையிறுதிக்கும், இரண்டு ஐரோப்பியக் கோப்பை இறுதிகளுக்கும் கொண்டுபோனார். ஆள் அதே ஆள்தானே!

2020-ல் இத்தாலியின் ஜுவென்டஸ் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. ஆண்ட்ரியா பிர்லோவை ஜூலை 30-ல் இளைஞர் அணிக்கு நியமித்தார்கள். அந்த அணி ஓர் ஆட்டம் ஆடுவதற்குள், ஒன்பதாம் நாளே பெரிய அணியைக் கொடுத்துவிட்டார்கள். தொடர்ந்து ஒன்பது ஆண்டு லீக் பட்டம் வாங்கிய கிளப் நான்காம் இடத்துக்கு வந்தது. இரண்டு உள்நாட்டுக் கோப்பைகள் கிடைத்தும் பிர்லோவுக்கு வேலை போயிற்று. ஸ்பெயினில் பார்சிலோனா குவார்டியோலாவை முதலில் நான்காம் மட்டத்தில் கிடந்த தன் இரண்டாம் அணியில் ஒரு வருஷம் போட்டுப் பார்த்தது. ரியல் மாட்ரிட் ஜிடேனை முதலில் அன்செலோட்டிக்கு உதவியாளராக உட்கார வைத்தது, அப்புறம் இரண்டாம் அணியைக் கொடுத்தது. பிறகு 2016, 2017, 2018 என்று தொடர்ந்து மூன்று ஐரோப்பியப் பட்டங்கள்.

நம் சென்னைக்கும் இதில் ஓர் அத்தியாயம் உண்டு. 2006 உலகக்கோப்பை வென்ற இத்தாலியின் மார்கோ மட்டராசி, 2014-ல் சென்னையின் எஃப்.சி.க்கு ஆட்டக்காரராகவும் மேனேஜராகவும் வந்தார். 2015-ல் பருவத்தின் நடுவே கடைசி இடத்தில் கிடந்த அணி, அந்த டிசம்பர் வெள்ளத்தில் அரையிறுதியைப் புனேயில் போய் ஆட வேண்டி வந்த அணி, இறுதியில் கோவாவை 3-2 என்று வென்றது. எதிர்ப்பக்க மேனேஜர் யார் தெரியுமா? பிரேசிலின் ஜிகோ! இரண்டு பெரிய பெயர்கள் நேருக்கு நேர். மறு வருஷமே சென்னை எட்டில் ஏழாவது; மட்டராசி போய்விட்டார். அவருக்குப் பின் வந்த ஜான் கிரெகரி, வெறும் 6 ஆட்டம் இங்கிலாந்துக்கு ஆடியவர், பல கிளப்புகளில் மேனேஜராகத் தேய்ந்து பழுத்தவர். முதல் பருவத்திலேயே, 2018 மார்ச்சில், கோப்பை வாங்கினார். இங்கேயே நிறுத்தினால் என் வாதத்துக்கு வசதி. ஆனால் வரலாறு நம் வசதிக்கு நடப்பதில்லையே: அதற்கடுத்த பருவத்தில் அதே கிரெகரியின் அணி கடைசி இடம்.

ஆகவே, சங்கக் கூட்டம் மறுபடி கூடும்போது நான் கேட்கப்போவது அந்த நண்பரின் கோல் கணக்கை அல்ல. இதற்கு முன் அவர் யாருக்காவது சொல்லிக் கொடுத்திருக்கிறாரா? கூட ஓர் அனுபவஸ்தர் இருப்பாரா? அணித் தேர்வில் நம்மைப் போன்ற பழைய மாணவர்கள் மூக்கை நுழைக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுப்போமா? இந்த மூன்றுக்கும் பதில் வந்தால் முதலில் தூக்குவது என் கைதான்.

பாபி சார்ல்டன் கதையில் மிச்சம் கொஞ்சம் இருக்கிறது. பிரஸ்டனுக்குப் பிறகு, ஒரு சின்ன இடைக்காலப் பொறுப்பைத் தவிர, அவர் மேனேஜர் வேலையைத் தொடவில்லை. 1984-ல் மான்செஸ்டர் யுனைடெட்டின் டைரக்டர் ஆனார். 1986 நவம்பரில் அந்தக் கிளப்புக்குப் புது மேனேஜர் தேவைப்பட்டபோது, ஸ்காட்லாந்துக்குப் போய் ஆளைப் பேசி முடித்த குழுவில் அவரும் இருந்தார். அவர்கள் கூட்டி வந்தது ஓர் உலக நட்சத்திரத்தை இல்லை. அலெக்ஸ் ஃபெர்குசன் நாட்டுக்காகப் பெரிதாக ஆடிப் பெயர் வாங்கியவர் இல்லை. அவர் மேனேஜர் தொழிலைத் தொடங்கியது 1974 கோடையில், பிரஸ்டன் இறங்கிய அதே கோடையில், ஈஸ்ட் ஸ்டர்லிங்ஷயர் என்ற குட்டி கிளப்பில். அவர் போய்ச் சேர்ந்த நாளில் அந்த அணியில் ஒரு கோல்கீப்பர்கூட இல்லை.