கந்துவட்டியும் ஐந்தாம் பிரிவும்

தண்டல், மீட்டர் வட்டி, ரன் வட்டி எனப் பெயர் எதுவானாலும், வசூலுக்கு வருபவரின் பலம் கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுக் காசோலைதான். கொடுத்தது பத்தாயிரம் என்றாலும் ஒரு லட்சம் என்று நிரப்பிக்கொள்ளலாம். 1989 ஏப்ரலில் காசோலை திரும்புவது குற்றமான பிறகு, "கேஸ் போட்டு உள்ளே தள்ளுவேன்" என்ற மிரட்டல் அம்பத்தூர் பட்டறைக்காரரையும் நடுங்க வைத்தது.

2003 மே மாதம், கடன் நெருக்கடியில் இருந்த பட அதிபர் ஜி.வெங்கடேஸ்வரன் தற்கொலை செய்துகொண்டார். ஜூனில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. (சினிமாக்காரர் சாகும்வரை அரசு காத்திருந்தது!) 3 ஆண்டு சிறை, 30,000 ரூபாய் அபராதம் என்பது பலருக்குத் தெரியும். 5-ஆம் பிரிவைத்தான் யாரும் பேசுவதில்லை. கடன் வாங்கியவர் பணத்தை நேராகக் கோர்ட்டில் கட்டி, கடன் தீர்ந்ததாகப் பதியச் சொல்லி மனு போடலாம். வசூல்காரர் முகத்தில் விழிக்கவே வேண்டாம்.

2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் தீக்குளித்த குடும்பமும் பலமுறை மனு கொடுத்திருந்தது, கோர்ட்டில் அல்ல, ஆட்சியரிடம்.