பெயரிலிருந்து பணிக்கு: குழந்தைகளுக்கான தாவர உறுப்புப் பாடத்தின் வரலாறு

முன்னுரை

தொடக்கப் பள்ளிச் சுவர்களில் தவறாமல் இடம்பெறும் படங்களுள் ஒன்று செடியின் பாகங்களைக் காட்டும் படம். வேர், தண்டு, இலை, பூ, காய் என்று அம்புக்குறிகள் சுட்டும். பக்கத்தில் வேர் நீரை உறிஞ்சுகிறது, தண்டு அதை மேலே கடத்துகிறது, இலை உணவு தயாரிக்கிறது என்று மூன்று வரிகள் இருக்கும். மூன்றாம் வகுப்புக் குழந்தை இவற்றை ஒரே மூச்சில் ஒப்பிக்கும். ஆனால் இம்மூன்று வரிகளும் வகுப்பறைக்கு வந்து சேர மிக நீண்ட காலம் பிடித்தது.

தாவர உறுப்புப் பாடம் மூன்று படிகளில் வளர்ந்திருக்கிறது. முதலில் உறுப்புகளின் பெயரும், அடுத்து அவற்றின் வடிவமும், கடைசியாக அவை செய்யும் பணியும் கற்பிக்கப்பட்டன. பெயரைச் சொல்லித் தரலாம், வடிவத்தைக் காட்டலாம். பணியோ ஒரு பார்வையில் தெரிவதில்லை. செடி வளரும்போது கூடவே இருந்து கவனிப்பவருக்கே அது புலப்படும். குழந்தையிடம் உயிருள்ள செடியையும் போதிய நாட்களையும் கொடுத்த முறைகளே இப்பாடத்தை முன்னெடுத்துச் சென்றன என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. பெயர்களின் காலம்

தாவர உறுப்புகளை வகைப்படுத்திப் பெயரிடும் மரபு தமிழில் மிகப் பழையது. தொல்காப்பிய மரபியல், வெளிப்புறம் வைரம் பாய்ந்தவற்றைப் புல் என்றும், உட்புறம் வைரம் பாய்ந்தவற்றை மரம் என்றும் பிரிக்கிறது. இதன்படி பனையும் தென்னையும் மூங்கிலும் புல்லினம். அடுத்து, ஒவ்வொரு பிரிவுக்கும் உரிய உறுப்புப் பெயர்களை அது அடுக்குகிறது. மடல், ஓலை, பாளை, ஈர்க்கு, குலை போன்றவை புல்லுக்கு உரியவை. இலை, தளிர், சினை, அரும்பு போன்றவை மரத்துக்கு உரியவை. காய், பழம், தோல் போன்றவை இரண்டுக்கும் பொது. இன்றைய தாவரவியல் ஒருவித்திலை, இருவித்திலை எனப் பிரிக்கும் எல்லையோடு இப்பகுப்பு பெருமளவு ஒத்துப்போகிறது. தண்டை வெட்டிப் பார்த்தவர்களின் அனுபவம் இதற்குள் இருக்கிறது.

இந்த அறிவு மாணவர்களுக்குப் பெரும்பாலும் நிகண்டுகளின் வழியாகச் சென்றது. திவாகரம், பிங்கலம் ஆகியவற்றுக்குப் பின் வந்த சூடாமணி நிகண்டு மரப்பெயர்களுக்கென ஒரு தனித் தொகுதியையே ஒதுக்கியது. மாணவர்கள் அதை மனப்பாடம் செய்தார்கள். இம்முறையைக் குறைத்து மதிப்பிட முடியாது. பெயர் தெரிந்த பொருளைத்தான் கண் தேடிப் பார்க்கும். ஆனால் நிகண்டின் நோக்கம் சொல்வளம். வேர் ஏன் கீழ்நோக்கிச் செல்கிறது என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. அந்தக் காலத்தில் உலகில் எங்குமே அதற்குச் சோதித்து அறிந்த விடை கிடையாது.

2. கையில் கொடுக்கப்பட்ட பூ

வடிவத்தை முன்னிறுத்திக் குழந்தைக்குத் தாவரவியல் கற்பிக்கும் முயற்சிகளில் புகழ்பெற்றது ரூசோவினுடையது. மேடம் டெலெசேர் என்ற தாய் தம் சிறு மகளுக்குச் செடிகளை அறிமுகப்படுத்த விரும்பினார். அவருக்கு ரூசோ 1771 முதல் தொடர்ச்சியாகக் கடிதங்கள் எழுதினார். முதல் பாடத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட செடி லில்லி. அதன் பூவை அல்லி இதழ், சூலகம், மகரந்தத்தாள் என்று பிரித்துப் பார்க்கச் சொன்னார். பெயர்களைத் திணிக்கும் முன் பார்க்கப் பழக்க வேண்டும் என்பது அவருடைய உறுதியான கருத்து. தாமஸ் மார்ட்டின் 1785-இல் இக்கடிதங்களை ஆங்கிலத்தில் வெளியிட்டபின் அவை பரவலாகப் படிக்கப்பட்டன.

சுவிட்சர்லாந்தில் பெஸ்டலோட்சி, சொல்லுக்கு முன் பொருள் என்பதைப் பள்ளிக் கல்வியின் விதியாக்கினார். அவர் வழியில் எலிசபெத் மேயோ எழுதிய பொருட்பாட நூல் 1830-களில் இங்கிலாந்துப் பள்ளிகளுக்குள் நுழைந்தது. ஜெர்மனியில் ஃப்ரோபெல் 1840-இல் தம் பள்ளிக்குக் கிண்டர்கார்டன் என்று பெயர் சூட்டினார். அங்கே தோட்டம் பெயரளவில் நிற்கவில்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் சொந்தமாக ஒரு பாத்தி, எல்லாருக்கும் பொதுவாகச் சில பாத்திகள் என்பது அவருடைய திட்டம்.

இந்தப் படியின் உச்சத்தை இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் உள்ள ஹிட்சம் என்ற சிற்றூரில் காணலாம். டார்வினின் ஆசிரியரான ஜான் ஸ்டீவன்ஸ் ஹென்ஸ்லோ அங்கே பாதிரியாராக இருந்தார். 1850-களில் ஊர்ப் பள்ளியில் அவர் தாவரவியல் வகுப்பு நடத்தினார். வந்தவர்களில் பெரும்பாலோர் பண்ணைக் கூலித் தொழிலாளர்களின் பிள்ளைகள். வகுப்பில் சேரச் சில கடினமான கலைச்சொற்களை எழுத்துப் பிழையின்றிச் சொல்ல வேண்டும். பிறகு வயலோரத்தில் பறித்து வந்த பூவைப் பிய்த்து அட்டவணை நிரப்ப வேண்டும். புல்லிகள் எத்தனை, அல்லிகள் எத்தனை, அவை இணைந்தவையா பிரிந்தவையா, மகரந்தத்தாள்கள் எதன்மேல் ஒட்டியிருக்கின்றன என்று ஒவ்வொரு கட்டமும் கேட்கும். பூவைத் திரும்பத் திரும்பப் பார்க்காமல் அதை நிரப்ப முடியாது. கலைச்சொல் கடுமையானதுதான், ஆனால் அச்சொல்லுக்கு உரிய பொருள் பிள்ளையின் விரல் நுனியில் இருந்தது.

ஹென்ஸ்லோ 1861-இல் இறந்தார். அவர் விட்டுச் சென்ற கையெழுத்துப் படிகளைப் பயன்படுத்தி, கியூ தாவரவியல் தோட்டத்தைச் சேர்ந்த டேனியல் ஆலிவர் 1864-இல் ஒரு பாடநூலை வெளியிட்டார். அதே ஆலிவர் 1869-இல் இந்திய மாணவர்களுக்காக இந்தியத் தாவரவியலின் முதல் நூலையும் எழுதினார். அமெரிக்காவில் எலிசா யூமன்ஸ் 1870-இல் வெளியிட்ட குழந்தைகளுக்கான தாவரவியல் நூலும் ஹென்ஸ்லோவின் அட்டவணை முறையைத்தான் பின்பற்றியது.

3. பணி வகுப்பறைக்குள் வந்த வழி

உறுப்பு என்ன செய்கிறது என்பதை அறிவியலே தாமதமாகத்தான் கண்டறிந்தது. 1727-இல் வெளியான நூலில் ஸ்டீபன் ஹேல்ஸ், தொட்டியில் வளர்ந்த சூரியகாந்தியைத் தொடர்ந்து எடைபோட்டு, இலைகளின் வழியே நீர் ஆவியாவதை அளந்து காட்டினார். 1771-இல் ஜோசப் பிரீஸ்ட்லி, எரிந்து கெட்ட காற்றைப் புதினாச் செடி சீராக்குவதைக் கண்டார். அதற்கு ஒளி தேவை என்பதை 1779-இல் இங்கன்ஹவுஸ் நிறுவினார். செடியின் எடை கூடுவதில் கரியமில வாயுவுக்கும் நீருக்கும் உள்ள பங்கை 1804-இல் தெ சோசூர் அளந்தார்.

இந்த முடிவுகளை இளையோருக்கான உரைநடைக்குக் கொண்டுவந்தவர்களுள் ஜேன் மார்செட் முக்கியமானவர். ஜெனிவாவில் தெ காண்டோல் ஆற்றிய விரிவுரைகளை ஆதாரமாகக் கொண்டு, தாவரங்களின் உடலியல் பற்றி 1829-இல் உரையாடல் வடிவில் அவர் நூல் எழுதினார். அமெரிக்கத் தாவரவியலாளர் ஏசா கிரே 1858-இல் இளம் மாணவர்களுக்காக எழுதிய நூல் இன்னொரு நல்ல மாற்றத்தைச் செய்தது. உறுப்புகளைப் பட்டியலிடாமல், ஒரு விதை முளைத்துச் செடியாகும் வரிசையிலேயே பாடத்தை அவர் அமைத்தார். வளர்ச்சியின் வரிசையில் சொல்லும்போது ஒவ்வோர் உறுப்பும் ஒரு தேவைக்காக வருகிறது. பணி தனிப் பாடமாக நிற்காமல் கதையின் போக்கிலேயே விளங்கிவிடுகிறது.

1890-களில் வேளாண் நெருக்கடியை ஒட்டி, கார்னெல் பல்கலைக்கழகத்தில் லிபர்ட்டி ஹைடு பெய்லியும் அன்னா பாட்ஸ்ஃபோர்டு காம்ஸ்டாக்கும் இயற்கைக் கல்வி இயக்கத்தை வளர்த்தார்கள். காம்ஸ்டாக்கின் 1911-ஆம் ஆண்டுக் கையேடு ஆசிரியருக்கு விடைகளைவிடக் கேள்விகளையே அதிகம் தந்தது.

4. இந்தியப் பள்ளிகளில்

ஆங்கிலப் பாடநூல் மாணவர் இங்கே பார்த்தறியாத பூக்களைத்தான் பேசும் என்ற குறையை உணர்ந்த ஆசிரியர்கள் சென்னை மாகாணத்தில் இருந்தார்கள். மாநிலக் கல்லூரியின் பி. எஃப். ஃபைசன், தாவரவியலாளர் கே. ரங்காச்சாரி ஆகியோர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியச் செடிகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு பாடநூல்கள் எழுதினார்கள். இவை உயர்வகுப்புகளுக்கானவை என்றாலும், நம் வேலியோரச் செடியிலேயே பாடம் நடத்தலாம் என்பதற்கு முன்மாதிரியாயின.

1937-இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலைக் கல்வியின் நடுவில் வைத்தது. வேளாண்மை அத்தொழில்களுள் ஒன்று. நாற்றைப் பிடுங்கி நடும் பிள்ளைக்கு வேரின் பணியைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

1939-இல் மரியா மாண்டிசோரி சென்னை அடையாற்றில் உள்ள பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போரின் காரணமாக அவர் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. அவரும் மகன் மரியோவும் கொடைக்கானலில் வாழ்ந்த ஆண்டுகளில், இயற்கையை ஒரு முழுமையாகக் குழந்தைக்கு அறிமுகப்படுத்தும் அவருடைய சிந்தனை விரிந்தது. மாண்டிசோரிப் பள்ளிகளில் இலை வடிவங்களை மரச்சட்டங்களில் விரலால் தடவி அறியும் பழக்கம் இன்றும் உண்டு.

1972-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டம், கிராமப் பிள்ளைகளை வயலுக்கு அனுப்பித் தாங்களே பார்த்துச் சோதித்து அறியச் செய்தது. தமிழகத்தில் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலும், கையால் செய்து கற்கும் இதே மரபைச் சேர்ந்தது.

5. குழந்தை கொண்டுவரும் விளக்கம்

பணியைக் கற்பிப்பதில் உள்ள உண்மையான இடர்ப்பாட்டைக் கல்வி ஆய்வுகள் 1980-களில் வெளிக்கொணர்ந்தன. நியூசிலாந்தில் பெவர்லி பெல் குழந்தைகளிடம் பேசிப் பார்த்தபோது, பலர் பெரிய மரத்தைத் தாவரமாகவே கருதவில்லை. கேரட்டைக் காய்கறி என்றார்களே தவிர, தாவரம் என்று ஏற்கவில்லை. செடி தன் உணவை மண்ணிலிருந்து வேரால் எடுத்துக்கொள்கிறது என்ற எண்ணம், ஒளிச்சேர்க்கைப் பாடத்தைப் படித்து முடித்த மாணவர்களிடமும் நீடிப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டின.

இதைக் குழந்தையின் அறியாமை என்று ஒதுக்க முடியாது. அரிஸ்டாட்டிலின் கருத்தும் ஏறத்தாழ இதுவே. அதை அசைத்த சோதனை, 1648-இல் வெளியான வான் ஹெல்மாண்டின் வில்லோ மரச் சோதனை. 200 பவுண்டு மண்ணில் நட்ட 5 பவுண்டுக் கன்று ஐந்து ஆண்டுகளில் 169 பவுண்டாகியது; மண்ணோ சுமார் 2 அவுன்ஸ் மட்டுமே குறைந்தது. அவர்கூட, மரம் முழுவதும் நீராலேயே ஆனது என்றுதான் முடிவு கட்டினார். காற்றின் பங்கு அவருக்குப் புலப்படவில்லை. அறிவியல் இவ்வளவு சுற்றி வந்த இடத்துக்கு ஏழு வயதுக் குழந்தை ஒரு வரியில் வந்துவிட வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம்.

இலை தாவரத்தின் சமையலறை என்று பாடப் புத்தகங்கள் சொல்வது வழக்கம். நினைவில் நிற்பதற்கு இது நல்ல உவமை. ஆனால் சமையலறையில் அரிசியும் பருப்பும் முன்பே உணவுப் பொருள்கள். அங்கே அவை பக்குவப்படுகின்றன, அவ்வளவுதான். இலையிலோ நீரும் காற்றும் உணவாக மாறுகின்றன. உவமையைச் சொல்லும் ஆசிரியர் இந்த வேறுபாட்டையும் சேர்த்துச் சொன்னால்தான், வேர் உணவைக் கொண்டுவருகிறது என்ற பழைய எண்ணம் மேலும் உறுதிப்படாமல் தடுக்கலாம்.

மாறாக, காசித்தும்பைச் செடி ஒன்றை வேரோடு பிடுங்கிக் கழுவி, சிவப்பு மை கலந்த நீரில் நிறுத்தினால் என்ன ஆகிறது என்று பாருங்கள். அதன் தண்டு சதைப்பற்றானது, ஒளி ஊடுருவக்கூடியது. சில மணி நேரத்தில் சிவப்புக் கோடுகள் மேலேறுவது வெறுங்கண்ணுக்கே தெரியும். தண்டைக் குறுக்கே வெட்டினால் சிவப்புப் புள்ளிகள் வளையமாக நிற்கும். நீர் தண்டு முழுவதும் பரவி ஏறுவதில்லை, அதற்கென்று குழாய்கள் உள்ளன என்பதை ஆசிரியர் சொல்லும் முன்பே குழந்தை சொல்லிவிடும்.

வீட்டுச் சமையலும் இப்படிப்பட்ட பாடம்தான். உருளைக்கிழங்கு தண்டு, மரவள்ளி வேர், வெங்காயம் பெரும்பாலும் சதைப்பற்றான இலை. வாழையில் நாம் அடிமரம் என்று நினைப்பது ஒன்றையொன்று சுற்றிய இலை உறைகள். அவற்றின் நடுவே சமைக்க எடுக்கும் வாழைத்தண்டு பூவைத் தாங்கி வரும் காம்பு. உண்மைத் தண்டு மண்ணுக்குள் கிழங்காக இருக்கிறது. எங்கே இருக்கிறது என்பதை வைத்து உறுப்பை முடிவு செய்யக்கூடாது என்பதை இதைவிடத் தெளிவாகக் கற்பிக்க முடியாது.

முடிவுரை

நிகண்டு பெயரைத் தந்தது, ஹிட்சம் பள்ளி வடிவத்தைத் தந்தது, கிரேயும் காம்ஸ்டாக்கும் பணியை நோக்கித் திரும்பினார்கள். மூன்றுமே தேவை. ஆனால் தேர்வுக்காகப் பாடம் சுருங்கும்போதெல்லாம் முதலில் உதிர்வது பணிதான். எஞ்சுவது அம்புக்குறியும் பெயரும். இன்று பணியே மூன்று மனப்பாட வரிகளாகிவிட்டது. அது நிகண்டின் ஓசைநயம்கூட இல்லாத நிகண்டு.

இதை மாற்றப் பெரிய ஆய்வகம் வேண்டாம். நம் ஊர்களில் அம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி வளர்க்கிறார்கள். இருட்டறையில் வைத்து வளர்ப்பதால் பயிர் வெளிறி நீண்டு நிற்கும். அதே தானியத்தை வகுப்பறையில் இரண்டு சட்டிகளில் விதைத்து, ஒன்றை இருட்டிலும் மற்றொன்றை வெயிலிலும் வைத்தால், பத்து நாட்களுக்குள் ஒளிக்கும் பச்சை நிறத்துக்கும் உள்ள உறவு பிள்ளைகளின் கண்முன் நிற்கும். இரண்டாம் வகுப்பிலும் மூன்றாம் வகுப்பிலும் கலைச்சொற்களைப் பாதியாகக் குறைத்து, ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பருவம் முழுவதும் பார்த்துக்கொள்ள ஒரு செடியைப் பாடத்திட்டம் ஒதுக்க வேண்டும். வேர் என்ன செய்கிறது என்று தேர்வுத்தாளில் கேட்பதை விட்டு, உன் செடியில் இந்த வாரம் என்ன மாறியது என்று ஆசிரியர் கேட்கட்டும்.