முப்பத்தேழு சதவீதம்: ஓர் எண்ணுக்கு நேர்ந்த பாடபேதம்

மூலத்தைப் பாராமல், மேற்கோளை மேற்கோளிலிருந்தே எடுத்தாளும் வழக்கம் தமிழாய்வுக்கு மட்டும் உரியதென்று நெடுநாள் எண்ணியிருந்தேன். ஈதர்நெட்டின் வரலாற்றைப் படித்தபோது அவ்வெண்ணம் மாறியது. அற்பமான ஓர் ஆறுதலும் கிடைத்தது.

கதையின் தொடக்கம் ஹவாய்த் தீவுகளில். 1971இல் நார்மன் ஆப்ராம்சனின் குழு, தீவுகளில் இருந்த முனையங்களை வானொலி அலைவழியே கணினியோடு இணைத்தது. அலோஹா என்பது அதன் பெயர். யாரும் எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம். இரு செய்திகள் மோதினால் சற்றுப் பொறுத்து மீண்டும் அனுப்ப வேண்டும். கணக்கிட்டுப் பார்த்தால் அலைவரிசையின் திறனில் ஏறத்தாழ 18 சதவீதமே பயன்படும். காலத்தைச் சம கூறுகளாக வகுத்து, கூறின் தொடக்கத்தில் மட்டுமே அனுப்பினால் அது 37 ஆகும்.

ஹார்வர்டில் முனைவர்பட்ட ஆய்வேடு நிராகரிக்கப்பட்டிருந்த ராபர்ட் மெட்காஃப், அலோஹாவின் கணிதத்தை ஆராய்ந்து சேர்த்துப் பட்டம் பெற்றார். (கோட்பாடு போதாது என்பதே நிராகரிப்புக்குச் சொல்லப்பட்ட காரணம். நம் ஆய்வு மாணவர்களுக்கும் பழக்கமான வாசகம்தான்.) 1973 மே மாதம் ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் ஈதர்நெட்டை முன்மொழிந்தார், டேவிட் பாக்ஸுடன் அதை உருவாக்கினார். அலோஹாவில் இல்லாத இரு நற்பண்புகள் இதில் இருந்தன. பேசுமுன் கம்பியைக் கவனித்தல் ஒன்று. பேசும்போதே மோதலை உணர்ந்து உடனே நிறுத்துதல் மற்றொன்று.

இருவரும் 1976இல் வெளியிட்ட கட்டுரையில் 37 சதவீதம் மீண்டும் வருகிறது, ஆனால் ஒரு நிபந்தனையோடு. மோதலை உணர ஆகும் நேரத்துக்கு இணையான அளவில் தகவல் பொதிகள் மிகச் சிறியனவாக இருந்தால்தான் திறன் அவ்வளவு தாழும். 4000 பிட்டுக்கு மேற்பட்ட பொதிகளுக்கு அது 95 சதவீதத்தைத் தாண்டும் என்று அதே கட்டுரை கூறுகிறது. எண் மட்டும் ஊர் சுற்றியது. நிபந்தனை வழியிலேயே உதிர்ந்தது. 'ஈதர்நெட் 37 சதவீதத்தில் மூச்சுத் திணறும்' என்பது வழக்காயிற்று. 1985இல் டோக்கன் ரிங்கை விற்கத் தொடங்கிய ஐபிஎம் போன்ற எதிர்முகாமுக்கு இத்தகைய பேச்சு கசந்திருக்காது.

இத்தனைக்கும் அளந்து பார்த்தவர்கள் இல்லாமல் இல்லை. ஷோக், ஹப் இருவரும் 1980இலேயே, ஏறத்தாழ 120 கணினிகள் இணைந்த ஜெராக்ஸ் வலையமைப்பை அளந்தனர். அன்றாடச் சராசரிப் பயன்பாடு ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை! செயற்கையாகச் சுமையேற்றியபோது பெரிய பொதிகளோடு 95 சதவீதத்துக்கு மேலும் சென்றது. பின்னாளில் சென்னை ஐஐடியில் கணினித் துறைப் பேராசிரியராகப் பணியாற்றிய திமோத்தி கோன்சால்வஸ் 1985இல் இருவேறு வேகங்களில் இயங்கிய ஈதர்நெட்டுகளைச் சோதித்து, கோட்பாட்டு மாதிரிகளின் கணிப்பு சில இடங்களில் பொருந்துவதையும் சில இடங்களில் வெகுவாக விலகுவதையும் காட்டினார்.

எனினும் வழக்காறு அசையவில்லை. 1988இல் பாக்ஸே, மோகல், கென்ட் ஆகியோருடன் களமிறங்க நேர்ந்தது. 24 கணினிகளை ஒரே கம்பியில் பூட்டி, நடைமுறையில் நேரவே நேராத சுமையை ஏற்றி அளந்தார்கள். கட்டுரைத் தலைப்பிலேயே 'கட்டுக்கதைகளும் உண்மையும்' என்ற பொருள்பட எழுதினார்கள். முடிவில் தந்த அறிவுரைகள் பாட்டி வைத்தியம் போல் எளியவை: கம்பியைக் குட்டையாக வை, ஒரே கம்பியில் அளவுக்கு மீறிக் கணினிகளைச் சேர்க்காதே, பொதியைப் பெரிதாக அனுப்பு. தாம் எழுதிய நூலுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத் தாமே உரை எழுத நேர்ந்த ஆசிரியரின் சலிப்பு அதில் தெரிவதாக எனக்குத் தோன்றுகிறது.

இதற்குப் பின்னரும் ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. பெல்கோர் ஆய்வகத்தில் 1989 முதல் 1992 வரை திரட்டிய அளவீடுகளைக் கொண்டு லேலண்டும் உடனாய்வாளர்களும் 1993இல் வேறொன்றை நிறுவினர். தொலைபேசி அழைப்புகளுக்கு வகுத்த பழைய கணிதப்படி, நெடுநேரம் சேர்த்துப் பார்த்தால் போக்குவரத்தின் ஏற்ற இறக்கம் சமன்பட வேண்டும். ஈதர்நெட்டிலோ நொடியில் பார்த்தாலும் மணியில் பார்த்தாலும் அதே மேடுபள்ளம். கோட்பாட்டாளர்கள் பலர் நின்றிருந்த தரையே நழுவியது.

37 சதவீத வழக்கை இறுதியில் முடித்து வைத்தது எந்தக் கட்டுரையும் அன்று. ஒவ்வொரு கணினிக்கும் தனிக் கம்பி தரும் சுவிட்சுகள் மலிந்தன. இரு திசையிலும் ஒரே நேரத்தில் அனுப்பும் முறை 1997இல் தரநிலையாயிற்று. அதன்பின் அத்தகைய இணைப்புகளில் மோதலே இல்லை. பாக்ஸ் 2022 பிப்ரவரியில் மறைந்தார். அடுத்த ஆண்டு மெட்காஃபுக்கு டூரிங் விருது அறிவிக்கப்பட்டது.