மண்ணுக்குள் மறைந்த மாளிகை: மதீனத்துஸ் ஸஹ்ரா



ராஜா கதை என்றால் உங்களுக்குப் பிடிக்கும்தானே? இன்று நாம் பார்க்கப் போவது கற்பனைக் கதை அல்ல, உண்மை வரலாறு. உலகமே வியந்த ஓர் அரண்மனை நகரம் சுமார் 900 ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த வரலாறு.

எங்கே இருந்தது?

இன்றைய ஸ்பெயின் நாட்டின் பெரும்பகுதி அன்று முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்தது. அதற்கு அந்தலுஸ் என்று பெயர். தலைநகரம் குர்துபா. அங்கு ஆட்சி செய்த மூன்றாம் அப்துர் ரஹ்மான் 929இல் தம்மைக் கலீஃபாவாக அறிவித்தார். பிறகு 936இல் (ஹிஜ்ரி 325), குர்துபாவுக்கு மேற்கே சுமார் 8 கிலோமீட்டர் தொலைவில், மலையடிவாரத்தில் புதிய நகரம் ஒன்றைக் கட்டத் தொடங்கினார். அதுதான் மதீனத்துஸ் ஸஹ்ரா. 'ஒளிரும் நகரம்' என்பது பொருள்.

எப்படி இருந்தது?

மலைச்சரிவில் மூன்று பெரிய படிகளைப் போல நகரத்தை அமைத்தார்கள். மேல் படியில் கலீஃபாவின் மாளிகை. அடுத்ததில் தோட்டங்கள், விருந்தினர் மண்டபம். கீழே மக்களின் வீடுகளும் பள்ளிவாசலும். மொத்தப் பரப்பு சுமார் 275 ஏக்கர்! பளிங்குத் தூண்கள், குதிரை லாட வடிவ வளைவுகள், பூவும் கொடியும் செதுக்கிய சுவர்கள் எனப் பார்த்தவர்கள் மலைத்துப் போனார்கள்.

கண்டித்த காழி

கலீஃபா ஒரு மண்டபத்தின் கூரையைத் தங்கத்தாலும் வெள்ளியாலும் வேய்ந்தாராம். குர்துபாவின் காழி முன்திர் பின் ஸயீத், குர்ஆன் வசனத்தை ஓதிக் காட்டி, "இந்த ஆடம்பரம் உங்களுக்குத் தகுமா?" என்ற கருத்தில் நேருக்கு நேர் கண்டித்தார். கலீஃபா கோபப்படவில்லை, கூரையை மாற்றச் சொல்லிவிட்டார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். சொன்னவரின் துணிச்சலும் பெரிது, கேட்டவரின் பணிவும் பெரிது.

எப்படி அழிந்தது?

வெளிநாட்டுப் படை வந்து அழித்திருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை, குழந்தைகளே! ஆட்சி யாருக்கு என்று அவர்களுக்குள்ளேயே சண்டை மூண்டது. 1010ஆம் ஆண்டில் படைவீரர்கள் நகரத்தைச் சூறையாடினார்கள். கட்டத் தொடங்கி 74 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பின்னர் வந்தவர்கள் கற்களையும் தூண்களையும் பெயர்த்துச் சென்று வேறு கட்டடங்களுக்குப் பயன்படுத்தினார்கள். எஞ்சியதை மண் மூடியது. காலப்போக்கில், அங்கே இருந்தது முஸ்லிம்களின் அரண்மனை என்பதே மக்களுக்கு மறந்துபோனது.

மீண்டும் வெளிச்சம்

1911இல் அகழாய்வு தொடங்கியது. உடைந்த துண்டுகளைப் பொறுமையாக ஒன்றுசேர்த்து மண்டபங்களை மீட்டு வருகிறார்கள். இன்னும் பெரும்பகுதி மண்ணுக்குள்தான் இருக்கிறது. 2018இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அழியாதது எது?

அந்த நகரத்தின் பெயரால் அறியப்பட்டவர்தான் அறுவைச் சிகிச்சை மேதை அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி. பளிங்கு மாளிகை இடிந்தது. ஆனால் அவர் எழுதிய மருத்துவ நூலைப் பல நூற்றாண்டுகள் ஐரோப்பா படித்தது. தங்கக் கூரை நிலைக்கவில்லை, கற்ற கல்வி நிலைத்தது. ஒற்றுமை குலைந்தால் எவ்வளவு பெரிய கோட்டையும் நிற்காது.

பெற்றோரே, இதைப் படித்துக் காட்டிய பிறகு ஒரு கேள்வி கேளுங்கள்: "நீ பெரியவனானால், பெரியவளானால், எதை விட்டுச் செல்வாய்?" பதிலைப் பொறுமையாகக் கேளுங்கள். அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை வழங்குவானாக! ஆமீன்.