கனிம, கழிவு மேலாண்மைக்கான உள்ளாட்சிக் கூட்டுத் திட்டமிடல் (இங்கிலாந்து)

கனிம, கழிவு மேலாண்மைக்கான உள்ளாட்சிக் கூட்டுத் திட்டமிடல் என்பது, இங்கிலாந்தில் பக்கத்துப் பக்கத்து உள்ளாட்சி மன்றங்கள் இணைந்து ஒரே நிலப்பயன்பாட்டுத் திட்டத்தை உருவாக்கும் முறை. மணல், சரளை, உடைகல் போன்றவற்றை எங்கே தோண்டலாம், கழிவைப் பிரிக்கவும் மறுசுழற்சி செய்யவும் எரிக்கவும் புதைக்கவும் எந்த இடங்கள் ஏற்றவை என்பதை இத்திட்டம் பல ஆண்டுகளுக்கு முன்கூட்டியே வரையறுக்கிறது.

பின்னணி

இரண்டு அடுக்கு நிர்வாகம் உள்ள பகுதிகளில் வீட்டுமனை, கடைவீதி தொடர்பான திட்டங்களை மாவட்ட மன்றமும், குவாரி, கழிவு தொடர்பான திட்டங்களைக் கவுண்டி மன்றமும் கவனிக்கின்றன. ஒற்றை அடுக்கு மன்றங்கள் இரண்டையும் தாமே பார்க்க வேண்டும். தேசியப் பூங்கா ஆணையங்களுக்கும் இப்பொறுப்பு உண்டு.

1986-இல் கிரேட்டர் மான்செஸ்டர், மெர்சிசைடு உள்ளிட்ட பெருநகரக் கவுண்டி மன்றங்களும் கிரேட்டர் லண்டன் மன்றமும் கலைக்கப்பட்டன. 1990-களில் வேறு சில கவுண்டிகளும் ஒற்றை அடுக்கு மன்றங்களாகப் பிரிந்தன. அதுவரை கவுண்டி அளவில் நடந்த வேலை சிறு மன்றங்களின் தலையில் விழுந்தது. ஆற்றுப் படுகையின் சரளைப் படிவமோ குப்பை லாரியின் பாதையோ மன்ற எல்லைக்குள் அடங்குவதில்லை. நிலவியல், கழிவுத் துறை வல்லுநர்களைத் தனியே அமர்த்தும் வசதியும் சிறு மன்றங்களுக்குக் குறைவு. கூட்டுத் திட்டங்கள் பலவும் இத்தகைய பகுதிகளில் உருவானதற்குக் காரணம் இதுவே.

சட்ட அடிப்படை

2004-ஆம் ஆண்டின் திட்டமிடல், கட்டாயக் கையகப்படுத்தல் சட்டம் மன்றங்கள் கூட்டு ஆவணம் தயாரிக்க வழிவகுத்தது. 2011-ஆம் ஆண்டின் உள்ளாட்சியச் சட்டம், எல்லை கடந்த விவகாரங்களில் ஒத்துழைப்பதை மன்றங்களின் கடமையாக்கியது. கழிவுக்கெனத் தேசியத் திட்டமிடல் கொள்கை ஒன்று 2014-இல் வெளியானது.

உள்ளடக்கம்

கனிமப் பகுதியின் மையம் கையிருப்புக் கணக்கு. அனுமதி பெற்ற மணல், சரளை இருப்பு குறைந்தது 7 ஆண்டுகளுக்கும், உடைகல் இருப்பு குறைந்தது 10 ஆண்டுகளுக்கும் போதுமானதாக இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கொள்கை. முந்தைய 10 ஆண்டு விற்பனையின் சராசரியையும் பிற உள்ளூர்த் தகவல்களையும் கொண்டு ஆண்டுதோறும் தேவை மதிப்பிடப்படுகிறது. பயனுள்ள கனிமம் கட்டடங்களுக்கு அடியில் சிக்கி வீணாகாதிருக்கக் காப்புப் பகுதிகள் குறிக்கப்படுகின்றன. தோண்டி முடித்த நிலத்தை வயலாகவோ ஏரியாகவோ காட்டுயிர் வாழிடமாகவோ சீரமைப்பதற்கான விதிகளும் இடம்பெறும்.

கழிவுப் பகுதி ஒரு படிநிலை வரிசையைப் பின்பற்றுகிறது. கழிவு உருவாவதைத் தவிர்ப்பது முதல் படி. மறுபயன்பாடு, மறுசுழற்சி, ஆற்றல் மீட்பு ஆகியவை அடுத்த படிகள். புதைப்பது கடைசி வழி. கலந்த வீட்டுக் கழிவை ஏற்ற நிலையங்களுள் அருகில் உள்ளதற்கே கொண்டுசெல்ல வேண்டும் என்ற கோட்பாடும் உண்டு. இரண்டு பகுதிகளும் ஒன்றோடொன்று தொடர்புடையவை: இடிபாட்டுக் கற்களைப் பதப்படுத்தினால் புதிய கல்லின் தேவை குறைகிறது, பழைய குவாரிக் குழிகள் பல கழிவால் நிரப்பப்பட்டுச் சீரமைக்கப்படுகின்றன.

நடைமுறை

சான்றுகள் திரட்டிப் பொதுமக்கள், குவாரி நிறுவனங்கள், அண்டை மன்றங்கள் ஆகியோரின் கருத்தைக் கேட்ட பின் வரைவு அரசுக்கு அனுப்பப்படுகிறது. சார்பற்ற ஆய்வாளர் ஒருவர் அதைப் பொது விசாரணையில் சோதிக்கிறார். அவர் ஏற்ற பிறகு, ஒவ்வொரு மன்றமும் தன் அவையில் திட்டத்தைத் தனித்தனியே நிறைவேற்ற வேண்டும்.

பெர்க்‌ஷயர் அனுபவம்

1998-இல் பெர்க்‌ஷயர் கவுண்டி மன்றம் கலைக்கப்பட்டபோது அதன் இடத்தில் ஆறு ஒற்றை அடுக்கு மன்றங்கள் நின்றன. அவை சேர்ந்து தயாரித்த கனிம, கழிவு வரைவு 2009-இல் விசாரணைக்கு வந்தது. அதன் தரவுகள் துல்லியமானவையா என்ற கேள்வி எழுந்ததால் 2010-இல் திரும்பப் பெறப்பட்டது. 2006 வரைக்கும் என வகுக்கப்பட்ட பழைய திட்டங்களின் கொள்கைகளே அதன்பின்னும் பல ஆண்டுகள் நீடித்தன. பின்னர் பிராக்னல் ஃபாரஸ்ட், ரெடிங், வின்ட்சர்–மெய்டன்ஹெட், வோக்கிங்கம் ஆகிய நான்கு மன்றங்கள் ஹாம்ப்ஷயர் கவுண்டி மன்றத்தின் வல்லுநர்களைக் கொண்டு 2036 வரையிலான திட்டத்தை உருவாக்கின. மேற்கு பெர்க்‌ஷயர் தனித் திட்டம் வகுத்தது.

பிற திட்டங்கள்

டீஸ் பள்ளத்தாக்கின் ஐந்து மன்றங்கள் 2011-இல் கூட்டுத் திட்டத்தை ஏற்றன. கிரேட்டர் மான்செஸ்டரின் பத்து மன்றங்கள் கழிவுத் திட்டத்தை 2012-இலும் கனிமத் திட்டத்தை 2013-இலும் நடைமுறைப்படுத்தின. வடக்கு யார்க்‌ஷயர் கவுண்டி, யார்க் நகரம், வடக்கு யார்க் மூர்ஸ் தேசியப் பூங்கா ஆகியவற்றின் கூட்டுத் திட்டம் 2022-இல் ஏற்கப்பட்டது.

மதிப்பீடு

செலவும் வல்லுநர் உழைப்பும் பகிரப்படுவதும், ஒரு ஊரே சுமை முழுவதையும் தாங்காமல் பரந்த பகுதிக்குச் சேர்த்து முடிவெடுக்க முடிவதும் இம்முறையின் பெரும் பயன்கள். ஒரு மன்றம் பின்வாங்கினாலும் எல்லோருக்கும் தாமதமாகும் என்பதே இதன் பலவீனம். திட்டம் கூட்டாக இருந்தாலும், ஒரு குவாரிக்கோ கழிவு நிலையத்துக்கோ அனுமதி தரும் அதிகாரம் அந்த இடத்துக்குரிய மன்றத்திடமே உள்ளது.