ஒற்றனுக்கு எதுக்குங்க நாதஸ்வரம்?

போன சித்திரைத் தேருக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி. ஸ்ரீரங்கம் மேலச் சித்திரை வீதி, பெரியப்பா வீட்டுத் திண்ணை. கிளாகோமாவுல அவருக்குப் பார்வை போய் நாலு வருஷம் ஆச்சு. தூரத்துல நாதஸ்வரம் கேட்டதும், "தெக்கு மூலை திரும்பியாச்சுடா, எழுந்திரு"ன்னார். கொஞ்ச நேரத்துல பெருமாள் எங்க வாசல்ல!

அன்னிக்கு ராத்திரி சும்மா சோதிக்கலாம்னு செல்போன்ல 'விக்ரம்' தலைப்புப் பாட்டைப் போட்டேன். ரெண்டே செகண்ட். "எண்பத்தாறு. காலேஜ் கட் அடிச்சுட்டுப் பார்த்தோம்"னு சிரிச்சார். அப்போ தோணினதுதான் இந்தப் பதிவு.

தமிழ்ல ஒற்றன் கதை 1986-ல ஆரம்பிக்கலை. 1966-லயே 'வல்லவன் ஒருவன்', 1970-ல 'சி.ஐ.டி. சங்கர்'. ரெண்டுமே சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், ரெண்டுக்கும் இசை வேதா. ஜெய்சங்கர் 'தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்' ஆனது அப்படித்தான். 1968-ல எம்.ஜி.ஆரோட 'ரகசிய போலீஸ் 115', இசை எம்.எஸ்.வி. இந்தப் படங்கள்ல பாட்டெல்லாம் காதலுக்கும் கிளப் டான்ஸுக்கும்தான் பேர் வாங்கிச்சு. ஒற்றனுக்குன்னு தனியா ஒரு மெட்டு மனசுல நிக்கலை. (அடிக்க வராதீங்க, இது என் கருத்து :-))

வெளிநாட்டுல அது 1962-லயே நடந்துபோச்சு. 'டாக்டர் நோ' படத்துக்கு மான்ட்டி நார்மன் போட்ட மெட்டை ஜான் பாரி கிடார், பித்தளை வாத்தியம்னு கோத்துக் கொடுத்தார். அதுல வார்த்தையே கிடையாது. அதனால நடிகர் மாறினாலும் மெட்டு மாறலை.

இளையராஜா பண்ணினது நேர் எதிர். 'விக்ரம்' கதை நம்ம வாத்தியார் சுஜாதா. அவரும் ஸ்ரீரங்கத்துல வளர்ந்தவர், திருச்சி செயின்ட் ஜோசப் காலேஜ்ல படிச்சவர், எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினீயர். படத்துல கடத்தப்படுற ஏவுகணை பேரு அக்னிபுத்ரா. நிஜ அக்னி முதல்முதலா பறந்ததே 1989 மே மாசம்தான்! அப்படி ஒரு கதைக்கு ராஜா சிந்தசைசரையும் எலக்ட்ரானிக் தாளத்தையும் எடுத்தார். அதுக்கு மேல ஹீரோவோட பேரையே திரும்பத் திரும்பப் போட்டு, பாட்டையும் கமலையே பாட வெச்சார். வரிகள் வைரமுத்து. அடுத்த வருஷம், 1987-ல, பாரியும் தன்னோட கடைசி பாண்ட் படமான 'தி லிவிங் டேலைட்ஸ்'ல ஆர்க்கெஸ்ட்ராவோட எலக்ட்ரானிக் தாளம் சேர்த்தார்.

யோசிச்சுப் பாருங்க. ஒற்றன்னா யாருக்கும் தெரியாம வரணும். இங்க பாட்டே ஊரைக் கூட்டி பேர் சொல்லுது. லாஜிக்கே இல்லை. ஆனா பெரியப்பா திண்ணையில உட்கார்ந்தப்போ புரிஞ்சுது, இது புறப்பாடு. ஆள் தெரியறதுக்கு முன்னாடி சத்தம் வந்து சொல்லணும், நாம எழுந்து நிக்கணும். தலைமுறை தலைமுறையா நம்ம காது அப்படித்தான் பழகியிருக்கு. அதைத்தான் ராஜா மெஷின் சத்தத்துல பண்ணிக் காட்டினார்.

படத்துல ஓட்டை நிறைய. சலாமியா ராஜ்ஜியம் வந்ததும் கதை எங்கேயோ போயிடுது. இன்னிக்குப் பார்த்தா கிராபிக்ஸ், கம்ப்யூட்டர் எல்லாம் சிரிப்பு வரும். கண்ணுக்குக் கொடுத்ததுக்கு வயசாயிடுச்சு. காதுக்குக் கொடுத்ததுக்கு ஆகலை.

2022-ல லோகேஷ் கனகராஜோட 'விக்ரம்' வந்தப்போ பெரியப்பாவை திருச்சிக்குக் கூட்டிட்டுப் போனோம். அப்பவே பார்வை மங்க ஆரம்பிச்சிருந்தது. இசை அனிருத். நான் சண்டையைப் பார்த்துட்டு இருந்தேன். பக்கத்துல பார்த்தா அவர் விரல் சீட்டோட கைப்பிடியில தட்டிட்டு இருந்துச்சு. திரையில ஓடின தாளம் இல்லை அது. 86-ஓட தாளம்.

அவர் தியேட்டர்ல கண்ணால பார்த்த கடைசிப் படம் அதுதான். இப்போ எங்க போனாலும் அவர் செல்போன்ல அந்தப் பழைய பாட்டுதான் ரிங்டோன். வெச்சுக் கொடுத்தது நான்தான்.

டிஸ்கி: வேதா ரசிகர்கள் பின்னூட்டத்துல வரிசையா வரலாம். திட்டுறதுக்கு முன்னாடி, எந்த மெட்டுன்னு மட்டும் சொல்லிட்டுத் திட்டுங்க. பெரியப்பாவுக்குப் போட்டுக் காட்டணும்.