மேல் இருக்கை இல்லாத மேசை

ஐரோப்பாவில் நடக்கிற ஒரு திறந்த சதுரங்கச் சுற்றுப்போட்டியை நினைச்சுப் பாருங்கள். பெரிய மண்டபம், வரிசையாக மேசைகள், யாருக்கு யாரோடு ஆட்டம் என்று சுவரில் ஒட்டிய தாள். அந்தத் தாளில் ஒரு பெயர்: ஹபு, யோஷிஹாரு. நாடு: ஜப்பான். தரப்புள்ளி 2400ஐ ஒட்டி. எதிரில் இருக்கப்போகிறவர் இதை வாசிச்சு என்ன நினைப்பார்? கிராண்ட்மாஸ்டர் இல்லை, ஆனால் லேசான ஆளும் இல்லை, கவனமாக ஆடவேணும். அவ்வளவுதான். வரப்போகிறவர் தன் நாட்டில் யார் என்று அந்தத் தாள் சொல்லாது.

யோஷிஹாரு ஹபு 1970 செப்டெம்பரில் பிறந்தவர். எங்கள் வாசகர்களுக்குச் சுலபமாக விளங்கவேணும் என்றால், விஸ்வநாதன் ஆனந்தைவிட ஒரு வயது கூட இளையவர் இல்லை. ஆனந்துக்குச் சதுரங்கம் எப்படியோ, ஹபுவுக்கு ஷோகி அப்படி. ஷோகி என்பது ஜப்பானியச் சதுரங்கம். 1985இல் 15 வயதில் தொழில்முறை வீரர். 1989இல் 19 வயதில் ரியூஓ என்கிற பெரிய பட்டம். 1996 பெப்ரவரி 14ஆம் திகதி, அப்போது இருந்த ஏழு பெரிய பட்டங்களும் ஒரே நேரத்தில் அவர் கையில். அதுக்கு முன்னர் ஒருத்தரும் அதைச் செய்யவில்லை. மொத்தமாக அவர் எடுத்த பெரிய பட்டங்கள் 99. 2018இல் ஜப்பான் அரசு அவருக்கு மக்கள் கௌரவ விருதையே கொடுத்தது.

இப்படிப்பட்ட ஆள், ஷோகி நாட்காட்டியில் கிடைக்கிற சின்னச் சின்ன இடைவெளிகளில், தன்னைப் பெரிதாகத் தெரியாத ஆட்களோடு மேற்கத்தியச் சதுரங்கம் ஆடப் போனார். தோற்கவும் செய்தார். ஏன் போனார் என்பது சுவாரசியமான கேள்வி. அதுக்கு முதல் இந்த இரண்டு விளையாட்டுக்கும் என்ன உறவு என்று பார்த்துவிடுவம்.

இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். இந்தியாவில் பிறந்த சதுரங்கம், அதாவது நான்கு அங்கம் கொண்ட படை, ஒரு பக்கம் பாரசீகம் போய், அரபு உலகம் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. அங்கே 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் ராணிக்குப் பெரிய பலம் கிடைத்து, இன்று நாங்கள் ஆடுகிற வடிவம் வந்தது. இன்னொரு பக்கம் அது கிழக்கே நடந்தது. ஜப்பானுக்கு எந்த வழியால் வந்தது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வாதம் இருக்கிறது. ஆனால் நாரா நகரத்துக் கோஃபுகுஜி கோயில் வளவில் தோண்டி எடுத்த மரக்காய்களோடு 1058ஆம் ஆண்டைக் குறிக்கும் மரச்சீட்டும் கிடைத்திருக்கிறது. ஆக, ஆயிரம் வருசத்துக்குக் கிட்ட வயது.

ஷோகிப் பலகையில் 9க்கு 9, மொத்தம் 81 கட்டங்கள். ஆளுக்கு 20 காய்கள். முக்கியமான வித்தியாசம், இரண்டு பக்கக் காய்களும் ஒரே நிறம். ஐந்து பக்கம் கொண்ட தட்டையான மரத்துண்டுகள், ஒரு முனை கூர். கூர் எந்தப் பக்கம் பார்க்கிறதோ, காய் அதுக்கு எதிர்ப்பக்கத்து ஆளுடையது. ஏன் இப்படி? வெட்டின காயை நீங்கள் உங்கள் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விரும்பின நேரத்தில் ஒரு நகர்த்தலுக்குப் பதிலாக வெறும் கட்டத்தில் உங்கள் படையாக இறக்கலாம். நேற்று வரைக்கும் உங்களை அடித்த குதிரை இன்று உங்களுக்காகப் பாயும். அதனால் சதுரங்கத்தில் ஆட்டம் போகப்போகப் பலகை வெறிச்சோடிப் போகும். ஷோகியில் முடிவு நெருங்க நெருங்க நெரிசலும் ஆபத்தும் கூடும்.

இந்த விதியை வைத்து ஒரு பிரபலமான கதை இருக்கிறது. இரண்டாம் உலகப்போர் முடிந்து ஜப்பான் அமெரிக்கத் தலைமையிலான ஆக்கிரமிப்பில் இருந்த காலம். கோஸோ மாசுடா என்கிற ஷோகி மேதையை ஆக்கிரமிப்புத் தலைமையகத்துக்குக் கூப்பிட்டார்கள். பிடிபட்ட காயை எதிரிக்காகச் சண்டை பிடிக்க வைக்கிறீர்களே, இது கைதிகளைத் துன்புறுத்துவது இல்லையா என்று அதிகாரி கேட்டாராம். மாசுடா திருப்பிக் கேட்டார்: சதுரங்கத்தில் வெட்டின காயைத் திரும்பப் பாவிக்கிறதே இல்லை, அது கைதியைக் கொல்வதுதானே? எங்கள் விளையாட்டில் அவனுக்கு அதே பதவியோடு வேலை கொடுக்கிறம். ராஜாவைக் காப்பாற்ற ராணியைப் பலி கொடுக்கிற நீங்களா எங்களுக்குப் பாடம் எடுக்கிறது?

மாசுடா தானே பிறகு எழுதின கதை இது. கொஞ்சம் உப்புப் புளி சேர்ந்திருக்கலாம். பதில் என்னவோ அருமையான பதில்தான். ஆனால் அதை அப்படியே விழுங்கவும் முடியாது. அதே போரில் ஜப்பானிய இராணுவம் நிஜக் கைதிகளை எப்படி நடத்தியது என்பது வரலாறு. சயாம்–பர்மா ரயில்பாதையில் போர்க்கைதிகளோடு சேர்த்து, மலாயாத் தோட்டங்களில் இருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். ஷோகி விதி அவர்கள் ஒருத்தரையும் காப்பாற்றவில்லை. ஒரு விளையாட்டின் விதியைப் பிடித்துக்கொண்டு ஒரு நாட்டின் குணத்தை அளக்கிறது, அதிகாரி செய்தாலும் பிழை, மாசுடா செய்தாலும் பிழை. இரண்டு பேரும் மற்றவருடைய பலகைக்கு வெளியில் நின்றே கதைத்தார்கள். ஹபு செய்தது வேறு. அவர் மற்றப் பலகைக்கு முன்னால் போய் இருந்தார்.

அது எவ்வளவு பெரிய இறக்கம் என்று விளங்க, ஷோகிப் பட்டப்போட்டி எப்படி நடக்கும் என்று தெரிய வேணும். தத்தாமிப் பாய் விரித்த அறை, கிமோனோ, இரண்டு நாள் ஆட்டம். மெய்ஜின் பட்டத்துக்கு ஆளுக்கு ஒன்பது மணித்தியாலம். முதல் நாள் முடியும்போது அடுத்த நகர்த்தலை எழுதி உறையில் போட்டு மூடுவார்கள். அறையில் மேல் இருக்கை, கீழ் இருக்கை என்று உண்டு. தகுதி கூடினவர் மேல் இருக்கையில் இருப்பார். ராஜாக் காயிலே கூட வித்தியாசம்: இரண்டு ராஜாவில் ஒன்றின் எழுத்தில் மட்டும் ஒரு புள்ளி கூடுதலாக இருக்கும். புள்ளி இல்லாத ராஜா மேல் இருக்கைக்காரருக்கு. ஹபு பல வருசம் அந்த மேல் இருக்கையில் இருந்தவர்.

சதுரங்க மண்டபத்தில் மேல் இருக்கை கிடையாது. வெள்ளையா கறுப்பா என்பதைச் சோடி போடுகிற முறை தீர்மானிக்கும். மேசை எண்ணைத் தரப்புள்ளியும் எடுத்த புள்ளியும் தீர்மானிக்கும். 99 பட்டத்துக்கு அங்கே அரைப்புள்ளி கூடப் பெறுமதி இல்லை.

ஹபு சதுரங்கத்தைக் குழந்தையாகப் படிக்கவில்லை. ஷோகியில் உச்சத்தில் நின்றபோதுதான், டோக்கியோவில் வாழ்ந்த ஒரு பிரெஞ்சுக்காரரிடம் பாடம் கேட்டார். சதுரங்கத்தில் உலக உயரத்துக்குப் போனவர்கள் அநேகமாக எல்லாரும் சின்ன வயதில் தொடங்கினவர்கள். இவரோ பெரிய ஆளாகி, இன்னொரு விளையாட்டை முழுநேரமாக ஆடிக்கொண்டே, ஃபீடே மாஸ்டர் பட்டம் எடுத்து, 2400 தரப்புள்ளியையும் தாண்டினார். ஜப்பானின் முன்னணிச் சதுரங்க வீரர்களில் ஒருவரானார்.

ஷோகியில் இருந்து அவர் எதைக் கொண்டுபோயிருக்கலாம்? ஆழமாகக் கணக்குப் போடுகிற பழக்கம், ராஜாவைத் துரத்துகிற கூர்மை. எதைப் புதிதாகப் படிக்க வேண்டியிருந்திருக்கும்? ஒன்று சமநிலை. ஷோகியில் ஒரே நிலை நான்கு தரம் திரும்பி வந்தால் பக்கம் மாற்றி மறுபடி ஆடுவார்கள். சமநிலை என்று எழுந்து போவது அபூர்வம். உயர்மட்டச் சதுரங்கத்தில் அது அன்றாட விஷயம். இன்னொன்று இழப்பு. போன சிப்பாய் போனதுதான், திரும்ப இறக்க முடியாது. வாழ்நாள் முழுக்க ஒரு பலகையில் ஊறின கைக்கு இது சின்ன மாற்றம் இல்லை.

சதுரங்கத்தின்மேல் அவருக்கு இருந்த பற்று வெறும் பொழுதுபோக்கு இல்லை என்பதை 2004 காட்டியது. முன்னாள் உலகச் சம்பியன் பொபி ஃபிஷர் அந்த ஜூலையில் நரிட்டா விமான நிலையத்தில் பிடிபட்டார். 1992இல் தடையை மீறி யூகோஸ்லாவியாவில் ஆடினதுக்காக அமெரிக்கா அவரைத் தேடியது, கடவுச்சீட்டையும் ரத்துச் செய்திருந்தது. ஃபிஷர் அப்போது யூத வெறுப்பையும் வன்மத்தையும் வெளிப்படையாகக் கக்கிக்கொண்டிருந்த மனிதர். அவருக்காக வாய் திறப்பது ஒருத்தருக்கும் நல்ல பெயர் தராது. ஹபு பிரதமர் கொய்சுமிக்கு மின்னஞ்சல் அனுப்பி, ஃபிஷருக்கு ஜப்பானில் குடியுரிமை கிடைக்க வேணும் என்று கேட்டார். அது நடக்கவில்லை. 2005 மார்ச்சில் ஐஸ்லாந்து குடியுரிமை கொடுத்து அவரைக் கூட்டிக்கொண்டு போனது. ஃபிஷரின் கருத்துகளை மன்னிக்காமலே, ஒரு மனிதன் அடைபட்டுக் கிடக்கக்கூடாது என்று கேட்கலாம். ஹபுவின் மின்னஞ்சலை நான் அப்படித்தான் வாசிக்கிறேன்.

2014 நவம்பரில் கரி கஸ்பரோவ் டோக்கியோவுக்கு வந்தார். அவருக்கும் ஹபுவுக்கும் இரண்டு வேக ஆட்டங்கள், ஆளுக்கு 25 நிமிடம். கஸ்பரோவ் 2–0 என்று வென்றார். யாருக்கும் இதில் ஆச்சரியம் இருந்திருக்காது. ஆனால் யோசித்துப் பாருங்கள். தன் விளையாட்டில் எல்லாம் வென்றவர், தன் சொந்த நகரத்தில், தன் ரசிகர்கள் பார்க்க, தோற்பது கிட்டத்தட்ட நிச்சயமான மேசையில் போய் இருக்கிறார். பெயரைக் காப்பாற்றுகிறதுதான் முக்கியம் என்று நினைக்கிற ஆள் இதைச் செய்யமாட்டார்.

எங்களில் பலர் ஒரு விஷயத்தில் கொஞ்சம் பெயர் எடுத்த உடனே, பெயர் இல்லாத இடத்துக்குப் போகப் பயப்படுகிறம். கெட்டிக்காரன் என்று சொன்ன வாய் மொக்கன் என்று சொல்லிவிடுமோ என்ற பயம். ஹபு சதுரங்கத்தில் உலகச் சம்பியனாகவில்லை, கிராண்ட்மாஸ்டராகவும் இல்லை. இருந்தும் அந்தப் பயணம் வீண் இல்லை, ஏனென்றால் அவர் அங்கே போனது இன்னொரு கிரீடம் தேடி என்று எனக்குத் தோன்றவில்லை.

2018 டிசம்பரில் அவர் கையில் மிஞ்சியிருந்த ஒரே பெரிய பட்டமான ரியூஓவும் போனது. 27 வருசத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பட்டமே இல்லாத ஹபு. வழக்கப்படி அவர் தன்னை ‘முன்னாள் ரியூஓ’ என்று அழைத்துக்கொள்ளலாம். அந்த உரிமை அவருக்கு இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. தொழில்முறையில் மற்ற மூத்த வீரர்களும் வைத்திருக்கிற ஒன்பதாம் தான் என்ற சாதாரணத் தரத்தோடு பெயரைப் போடச் சொன்னார்: ஹபு, ஒன்பதாம் தான். சதுரங்க மண்டபத்துச் சுவரில் ஒட்டியிருந்த தாளும் அவரைப் பற்றி இதைவிடக் கூடச் சொன்னதில்லை.